சத்தம் வரப்படாது

"கிராபிக்ஸ் கார்டு எவ்ளோ பெருசு வேணா போடுங்கண்ணே. சத்தம் மட்டும் வரப்படாது" என்று மூன்றாம் முறையாகச் சொன்னான் மாரிசெல்வம்.

சுங்குவார்சத்திரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஏசுதாஸ் சிரித்தார். "கல்யாண வீடியோ எடிட் பண்ற மெஷினுப்பா. சூடாவும், ஃபேன் சுத்தும். இன்னா, வூட்ல கொழந்த தூங்குதா?"

"ரூம்மேட்டுண்ணே, தளவாய். நைட் ஷிப்ட் முடிச்சு பகல்லதான் தூங்குதான். எங்கிட்ட இருக்க பழைய கம்ப்யூட்டரு மிக்ஸி மாதிரி இரையும். பாவம், பொறுத்துக்கிட்டு கெடக்கான். அவனுக்கு கம்பெனில தகடு அடிக்குற பிரஸ் மெஷின்ல வேலை. தூக்கக் கலக்கத்துல கைய உள்ள விட்டுட்டான்னா?"

ஏசுதாஸ் சிரிப்பை நிறுத்தினார். பெரிய கூலர், இரைச்சல் இல்லாத ஃபேன், சத்தம் கசியாத கேபினட் என்று பார்த்துப் பார்த்து மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, தளவாய் தூங்கிய பிறகு, மாரிசெல்வம் பயந்துகொண்டே புதுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சற்று நேரத்தில் தளவாய் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "ஏலே, சத்தத்தையே காணோம். மெஷின் லைன் நின்னு போச்சா? சூப்பர்வைசர் வாராரா?"

"ஒண்ணுமில்ல, படுல."

படுத்தான். ஆனால் விட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தான்.

மாரிசெல்வம் எழுந்துபோய், மூலையில் ஒதுக்கிவைத்த பழைய கம்ப்யூட்டரையும் ஆன் செய்தான். அது இரையத் தொடங்கியது.

தளவாய் குறட்டை விட ஆரம்பித்தான்.