பின்பாரம்

இறங்கக் கூடாது.

அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தான். பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பிவிட்டன. முன்னால் இரும்புக் கரங்களில் அறுக்காத முழுத் தேக்குத் தடி, மூக்குக் குப்புறச் சாய்ந்து. தடிக்கு அடியில் மிக்கேலின் வலது கால்.

குதி, குதி என்றது உடம்பு. உடம்புக்கு என்ன தெரியும்! அவன் குதித்தால், அவன் பிடித்து வைத்திருக்கும் பாரமும் சேர்ந்து அந்தக் காலில்தான் இறங்கும்.

"எறங்கிராதல ராயப்பா!"

மிக்கேல்தான் கத்தினான். தடி உருளாமலிருக்க அண்டைக்கட்டை வைக்கக் குனிந்தவன், அப்படியே மல்லாந்து கிடந்தான்.

ஆறு வருசமாக இதுதான் நடக்கிறது. மூன்று டன் தூக்கும் வண்டி. தூத்துக்குடி மரக்கிடங்குக்கு வரும் தடியெல்லாம் மூன்று டன்னோடு நிற்குமா? பெரிய தடி என்றால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். உடனே ராயப்பனைக் கூப்பிடுவார்கள். நூற்றுப் பத்துக் கிலோ. ஏறி நின்றால் வண்டி அடங்கிவிடும். நம்ம ராயப்பன் இருக்கையில் பெரிய வண்டி எதற்கு என்பார் முதலாளி. எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

வண்டியின் பின்புறம் முன்பு ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு மனிதன் ஏறி நிற்பான், அவன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. ராயப்பனின் பூட்ஸ் பட்டுப் பட்டே அது தேய்ந்து போயிற்று.

இன்றும் வழக்கமான தடிதான். அதே வண்டி. அதே ராயப்பன்.

இல்லை. அதே ராயப்பன் இல்லை.

சர்க்கரை. இடது பாதத்தில் ஆறாத புண். எடையைக் குறைக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்து ஐந்து மாதம், விடியும் முன்னே மிக்கேல் வந்து கதவைத் தட்டினான். கடற்கரை ரோட்டில் நடை. மழையென்றாலும் விடமாட்டான், படுபாவி. லாரி வந்தால் தன்னை இடிக்கட்டும் என்று எப்போதும் ரோட்டுப் பக்கமாகவே நடப்பான்.

புண் ஆறிற்று. பதினெட்டுக் கிலோ குறைந்தது.

பேண்ட் நழுவுது பார் என்று கிடங்கில் கேலி செய்ததோடு சரி. வண்டியை யாரும் நினைக்கவில்லை. அவனும் நினைக்கவில்லை. நடக்கக் கூட்டிப்போன மிக்கேலும் நினைக்கவில்லை.

டிரைவர் இசக்கி லீவரை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். தூக்கப் பார்த்தால் பின்பக்கம்தான் இன்னும் எழும்பும். துறைமுகத்திலிருந்து கிரேன் வர அரை மணி நேரம்.

மிக்கேல் கத்துவதை நிறுத்திவிட்டான்.

முதலில் வந்தது டீக்காரி செல்லக்கிளி. கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கையை நீட்டினாள். அவன் இழுத்து ஏற்றிக்கொண்டான். அவள் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரம்பம் ஓட்டுகிற இருவர். வாட்ச்மேன். மூக்குக் கண்ணாடியோடு கணக்கர். பெயர்கூடத் தெரியாத ஒரு லாரி கிளீனர். கடைசியில் முதலாளி, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, கோயில் படி ஏறுகிற மாதிரி.

நிற்க இடமில்லை. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துத் தொங்கினார்கள். யாருடைய மூச்சோ அவன் கழுத்தில் சுட்டது. யாரோ அவனுடைய ஆறின புண்மேல் ஏறி நின்றார்கள்.

நிற்கட்டும்.

காலடியில் வண்டி அசைந்தது.

இறங்கியது. ஒரு விரல். இன்னும் ஒரு விரல். அம்மாடி, இத்தனை பெரிய இரும்பு, இத்தனை பேர் சும்மா நின்றதற்கே இறங்கியது! அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆறு வருசமாக அதன்மேல் அவன் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறான். இப்போது முதுகிலும் தோளிலும் மனிதர்கள்.

பின்சக்கரம் மண்ணைத் தொட்டது. தடி எழும்பியது.

கீழே நின்ற இருவர் மிக்கேலை இழுத்தார்கள். மிக்கேலின் முழங்காலுக்குக் கீழே ராயப்பனால் பார்க்க முடியவில்லை. துண்டைச் சுற்றித் தூக்கினார்கள்.

இசக்கி தடியைத் தரையில் வைத்தான். கூரைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. இதுவா அந்தக் காலின்மேல் கிடந்தது என்று எல்லோரும் அதையே பார்த்தபடி நின்றார்கள்.

லோடு ஆட்டோவில் ஏற்றும்போது மிக்கேல் கண்ணைத் திறந்து அவனைத் தேடினான்.

"நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வால. நடைய விட்ராத."

இப்போதா சொல்வது இதை! ராயப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

உயிருக்குப் பயமில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். காலைப் பற்றி நாளைக்குத்தான் சொல்ல முடியும்.

மறுநாள் விடியும் முன்னே அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் தட்டவில்லை.

எழுந்து ஆஸ்பத்திரி ரோட்டில் நடந்தான். ரோட்டுப் பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்தான்.