காலையில எத்தினி மணிக்கு எழுந்திருப்பீங்க?

"காலையில எத்தினி மணிக்கு எழுந்திருப்பீங்க?"

வாடகைக்கு வீடு கேட்டு வந்த பேங்க் கிளார்க் முழிச்சாரு.

"ஏழு... ஏழரை ஆவும்மா."

"வீடு இல்லீங்க."

படார்னு கதவு சாத்திடுச்சு!

புரோக்கர் எல்லப்பனுக்கு பேஜாராப் போச்சு. போன வாரம் வந்த டீச்சரம்மாவயும், "ரெண்டே பேரா? வாணாம்"னு திருப்பி அனுப்பிட்டாங்க இந்த தெய்வநாயகியம்மா.

"திமிரு எல்லப்பா, திமிரு!" பக்கத்து வீட்டு வாசல்ல நின்னுகினு, அவங்க காதுல விழட்டும்னே கத்துனாரு துரைக்கண்ணு. பொதுச் சுவர் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு.

"அத்த விடு நைனா. உன் தறி இன்னா சத்தத்தையே காணோம்?"

"பாவு நீட்ட ஆளு இருந்தாத்தான தறி ஓடும்? எழுபதாம் வருஷத்துல இங்க வீட்டுக்கு வீடு தறி. விடியக்காலம் ஒரு குரல் குடுத்தா, பட்டு இழைய தெரு நீளத்துக்கு இழுத்துப் புடிக்க அத்தினி பேரும் வந்து நிப்பான். இப்ப பாதிப்பேரு வித்துட்டு மெட்ராஸ் போயிட்டான். வந்தவனெல்லாம் ஆபீஸ்காரன். வெயில் ஏறுனாத்தான் எழுந்துக்கிறான். ஆவணி பொறக்கட்டும், தறிய பிரிச்சிகினு முள்ளிப்பட்டுல பொண்ணு வீட்டுக்கே போயிடறேன்."



மறுநாள் எல்லப்பன் மனசே இல்லாம சவரிராஜ கூட்டியாந்தான். சேத்துப்பட்டுக்காரன். ரைஸ் மில்லுல மூட்ட தூக்குறவன்.

"எத்தினி பேருப்பா?"

"நானு, சம்சாரம், தம்பிங்க நாலு பேரும்மா."

"எழுந்துக்கிறது?"

"அஞ்சுக்கெல்லாம் எழுந்துக்குவோம். மில்லு எட்டுக்குத்தான்."

"உள்ள வாப்பா, பேசலாம்."

வெளிய வரும்போது சவரிராஜ் கையில சாவி!

தெருவே கொதிச்சிச்சு. "வேதக்காரங்க... அதுவும் ஒரு கூட்டமே வந்து எறங்கிகீது!"

துரைக்கண்ணுதான் ரொம்ப குதிச்சாரு. "பேங்க்காரரு வாணாமாம், மூட்ட தூக்குறவன் வேணுமாம்! தெருவையே கெடுத்துட்டா!"

திங்கக்கிழமை. விடிஞ்சும் விடியாம அவரு வீட்டுக் கதவ யாரோ தட்டுனாங்க.

தொறந்தா, சவரிராஜும் நாலு தம்பிங்களும். பட்டாச்சேன்னு கைய சோப்பு போட்டுக் கழுவிகினு, ஈரம் காயாம நிக்கிறாங்க.

"இன்னா வேணும்?"

"பாவ எடுங்க பெரியவரே, ஜல்தி! வெயில் வந்துடப் போவுது. பக்கத்து வீட்டுப் பாவுக்கு அஞ்சு பேரும் போறதா இருந்தாத்தான் வீடுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

சவரிராஜ் சட்டுனு நாக்க கடிச்சிகினான்.

"அய்யய்யோ... உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க!"