கிராணியின் கறுப்பு முடி

“உன் முடி விஷயமாப் பேசணும். நாளைக்குத் தனியா வா” என்று வெள்ளைக்காரத் துரை சொன்னதும், மலாயாவின் சாஆ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் நேரே நாவிதரிடம் ஓடினார்.

வயதானவர்களையெல்லாம் துரை வேலையைவிட்டு நீக்கி ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். சாம்பசிவம் சாயம் பூசித்தான் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“பழையபடி நரையாக்கிடு, காளியப்பா. ஏமாத்தினேன்னு போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவாரு” என்று நாவிதரிடம் கெஞ்சினார்.

“சாயத்தை எடுக்கச் சோடா உப்பு போட்டா முடி வெந்து கொட்டிடுங்க. மொட்டை போட்டுக்கங்க. அப்புறம் முளைக்கிறது தானா நரையா வரும்.”

மறுநாள் மொட்டையைத் தலைப்பாகைக்குள் மறைத்துக்கொண்டு துரை முன் நின்றார்.

துரை கதவைச் சாத்திவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க நரை.

“லண்டன்லேருந்து பெரிய துரை வர்றாரு. பார்த்தா என்னையும் கப்பலேத்திடுவாரு” என்றார். “அந்தச் சாயம் எனக்கும் வேணும். எங்கே, தலைப்பாகையை எடு. கிட்டத்துல பார்க்கலாம்.”