வலது முனை

புது பம்பர் வாங்கிய நாளிலிருந்து மனைவி அவனோடு பேசவில்லை. மெக்கானிக்கிடம் போகாமல் தானே மாட்டிக் காட்டுவதாக வீம்பு பிடித்து, வீட்டு முன்வாசலில் நின்ற ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் மல்லாந்து கிடந்தான். இடது முனையை முடுக்கினால் வலது முனை தொங்கியது. இரண்டு ஆள் வேலை அது.

பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவிக்கு மனசு இளகிவிட்டது போல.

“அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா.”

முனை உயர்ந்தது.

“இன்னும் ஒரு நூல்.”

ஒரு நூல் உயர்ந்தது. துளைகள் நேருக்கு நேர் வந்தன. போல்ட்டை எடுத்தான். அப்போது தெருக் கேட் திறந்தது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மனைவி உள்ளே வந்தாள்.

“பரவாயில்லையே, தனியாவே மாட்டிட்டீங்களே.”

“ஆமா” என்றான்.

வலது முனை அசையாமல் நின்றது. அதன் போல்ட் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.