அநாதைக் கோப்புகள்

குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்திருந்த ஏழு பழைய கணினிகளும் ஒரே மாதத்தில் நின்றுபோயின. கட்டற்ற மென்பொருள் குழுவில் வேறு யாருக்கும் நேரமில்லாததால் மூன்றாவது ஞாயிறாக அருள்மணியே வந்தான். எல்லாவற்றிலும் வட்டு நிரம்பியிருந்தது. தேவையற்றதை அழிக்கட்டுமா என்று கணினியே அவ்வப்போது கேட்டிருக்க வேண்டும். தான்தான் எதையோ தப்பாக நிறுவிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"இன்னிக்கு ஓடலைன்னா காயலான் கடைக்குப் போட்டுருவேன் தம்பி. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் வார்டன் ஸ்டெல்லா.

ஏழாவது கணினியின் திரையில் அந்தக் கேள்வி வந்தது. 'அநாதைகளை நீக்கவா?' எந்த நிரலுக்கும் வேண்டாமல் தங்கிவிட்ட கோப்புகளின் 'ஆர்ஃபன்' என்ற ஆங்கிலப் பெயரை, அகராதி பார்த்து அப்படித் தமிழாக்கியவன் அவன்தான்.

"'ஆம்' அமுக்கிறாதீங்கண்ணா!" எட்டு வயது ஜெனிபா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "எப்பக் கேட்டாலும் நாங்க 'இல்லை'தான் போடுவோம். சின்னப் பசங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கோம்."

"அது உங்கள இல்ல பாப்பா."

"அப்ப யாரண்ணா?"

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"என்னப்பா, ஆச்சா?" என்றார் ஸ்டெல்லா.

"கொஞ்சம் இருங்கக்கா."

அவன் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லை அழித்தான். 'வேண்டாதவை' என்று அடித்தான். அழித்தான். 'யாரும் கேட்டு வராதவை' என்று அடித்தான். ஒவ்வொன்றையும் ஜெனிபா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.