ஆமை கொடுத்த புகார்

மூடிக்கிடந்த அரிசி ஆலைக்கு எதிரே ஓர் ஆமை டீக்கடை வைத்திருந்தது. ஆலை மூடியதிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. கடையைக் காலி செய்துவிடலாமா என்று ஆமை தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர்த்தலைவரான யானை அந்த ஆலையை மேளம் பழகும் தவளைக்கும் திரைச்சீலை நெய்யும் சிலந்திக்கும் வாடகையில்லாமல் திறந்துவிட்டது.

“பிழைப்பே போச்சு, இதில் மேளம் ஒரு கேடா?” என்று பொருமிய ஆமை, இருவரையும் வெளியேற்றச் சொல்லிப் புகார் எழுதிக் கொடுத்தது.

யானை விசாரிக்க வருவதற்கு மூன்று மாதமாயிற்று. அதற்குள் மேளம் கேட்கவும் திரைச்சீலை வாங்கவும் அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு வந்தன. வந்தவர்களுக்காக அணில் வடை போட்டது. கழுதை வண்டி விட்டது. ஆமை இரண்டாவது அடுப்பு மூட்டியது.

“புகார் வந்திருக்கிறது. இருவரையும் இன்றே அனுப்பிவிடுகிறேன்” என்றது டீக்கடை முன் வந்து நின்ற யானை.

ஆமை டீ ஆற்றுவதை அப்படியே நிறுத்தியது. “வேண்டாங்க ஐயா! யாரோ வயித்தெரிச்சல்ல எழுதியிருப்பாங்க.”

“உன் கையெழுத்து இருக்கிறதே?”

“இருக்குங்க. அப்போ கடையில் ஆளே இல்லை, எழுத நேரம் இருந்துச்சு” என்றது ஆமை, டீயை ஆற்றியபடி. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, பின்னாடி வரிசை நிக்குது.”