தராசு இறங்கிய நாள்

“ஏணியில கால வச்சீங்க, நடக்கறதே வேற!” அங்கன்வாடி ஆயா பூங்காவனம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது, தெருவுக்கு வேறென்ன வேலை! கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பேரூராட்சியில் நிதி இல்லையாம், மையத்தை மூடி பைபாஸுக்கு அந்தப் பக்கத்து மையத்தோடு சேர்க்கிறார்களாம். பிள்ளைகளை எடைபோடும் தொங்குதராசைக் கழற்ற எழுத்தர் வந்திருந்தார்.

“ரஞ்சிதம் புள்ளைய மட்டும் போட்டுப் பாத்துடறேன் சார். ரெண்டு வயசு, ஏழு கிலோகூட இல்ல.”

“அங்க தூக்கிட்டு வரச் சொல்லும்மா.”

“சித்தாள் வேலைக்குப் போறவ எப்ப சார் வருவா?”

தராசு போய்விட்டது. அதன்பின் பூங்காவனம் தினமும் அந்தக் குழந்தையை இரு கைகளிலும் ஏந்திக் கண்ணை மூடி, “ஏறியிருக்குடி ரஞ்சிதம்” என்பாள். தெரு சிரித்தது, மார்கழியில் ரஞ்சிதம் வீட்டில் ஒப்பாரி கேட்கும்வரை.

தை பிறந்ததும் ரஞ்சிதம் புருஷனோடு திருப்பூருக்குக் குடிபோனாள். பேருந்து நிறுத்தம்வரை பூங்காவனம்தான் பைகளைச் சுமந்தாள். ரஞ்சிதம் வெறும் இடுப்போடு பின்னால் நடந்தாள்.